உப்பளம் வரை நடந்தவர்

எழுத வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். நடை எப்படிக் கைவரும்? எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா? இரண்டுக்கும் நான் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

1925இல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், கூட்டுக் குடும்பம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருக்கு நீலகிரியில் வேலை அமைந்தபோது இவரும் உடன் போனார். அங்கே படகர் இன மக்களோடு பழகிப் பேசியதில் பிறந்தது 'குறிஞ்சித்தேன்' நாவல். தேயிலையும் மின்திட்டமும் வந்த மலையில் ஒரு சமூகம் எப்படி மாறியது என்பதை அதில் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அதையே தம் வழக்கமாக்கிக்கொண்டார். எந்த மக்களைப் பற்றி எழுதப்போகிறாரோ அவர்கள் இருக்கும் இடத்துக்கே போவார். மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', வயலில் உழைப்பவர்களைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்', தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்'. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் வந்து எழுதியது 'கரிப்பு மணிகள்'.

உப்பளத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெயிலில் நீர் சுண்டிப் பாத்தியில் உப்புப் பூக்க வேண்டும். அதை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்புநீரில் நின்று நின்று கால் வெடிக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஊருக்கெல்லாம் மழை என்றால் மகிழ்ச்சி; அந்த வீடுகளில் மழை என்றால் அடுப்பு அணைகிற காலம். வீட்டில் உட்கார்ந்து உப்பைப் பற்றி யோசிக்கிறவனுக்குக் கண்ணீரும் வியர்வையும்தான் உவமையாக வரும். இந்த மழை வராது. போய்க் கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும்.

நடை என்பதும் இதுதான் என்பது என் எண்ணம். தொழில் செய்கிறவர்கள் தங்கள் கருவியை, தண்ணீரை, முதலாளியை எந்தச் சொல்லால் குறிக்கிறார்களோ, அந்தச் சொற்கள் வந்து சேர்ந்தால் வாக்கியம் தானாக நிமிரும். கதையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்குச் சாட்சி தேடிப் போகாதீர்கள். முதல் நாளே நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். எதிரில் இருப்பவர் உடனே பேட்டி கொடுக்கிற குரலுக்கு மாறிவிடுவார்.

அவர் நாவல்கள் ஆய்வறிக்கை போல இருக்கின்றன என்று சொன்னவர்கள் உண்டு. சில பக்கங்களில் அது உண்மை. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியரின் கோபம் பேசிவிடுகிறது. திரட்டிய செய்தி எதையும் விட மனம் வராததால் நேரும் குறை அது. கேட்டதில் பாதிக்கு மேல் எழுதாமல் வைத்திருக்கப் பழக வேண்டும். என்றாலும், போகாமலே எழுதிய அழகான பக்கங்களைவிட அந்தக் கோபம் எனக்கு உயர்ந்ததாகவே படுகிறது.

இனிப் பிழைப்பைப் பற்றி. 1950இல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நடத்திய சிறுகதைப் போட்டியில் பரிசு. 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. இத்தனைக்குப் பிறகும், கணவர் மறைந்த பின் அவருடைய முதுமை முதியோர் இல்லத்திலும், பிறகு ஒரு மருத்துவமனையின் பராமரிப்பிலும் கழிந்தது. 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை வழங்கியது. 2014இல் காலமானார்.

ஆகவே இளைஞர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: மாதச் சம்பளம் தரும் வேலையை விட்டுவிடாதீர்கள். பதிப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். விடுமுறை நாளில் பேருந்து ஏறிப் போங்கள். போகும்போது பையில் 'கரிப்பு மணிகள்' இருக்கட்டும்.