விலங்கு போட்ட அன்பு
(விருத்தாசலத்தில் பேசியதன் சாரம்)



தன் கதையைத் தானே எழுதுகிற பெரிய மனிதர்கள் பெரும்பாலும் குலப்பெருமையைத்தான் எழுதுவார்கள். பெரியாரோ தம் இளமையைப் பற்றி எழுதியபோது, தம்மையும் தம் வீட்டாரையும் வைத்தே நம்மைச் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக்குள் இருக்கிற விஷயத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

அவர் தகப்பனார் வெங்கட்ட நாயக்கர் சிறு வயதில் கல்தச்சரிடம் கூலி வேலை செய்தவர். பிறகு வண்டி, கடை, மண்டி என்று ஈரோட்டில் பெரிய வியாபாரியானார். பணம் வந்தது, அதன் பின்னாலேயே பாகவதரும் பஜனையும் ஆசாரமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தாகமெடுத்தால் சைவரான வாத்தியார் வீட்டில் மட்டுமே தண்ணீர் குடிக்கலாம் என்பது வீட்டு உத்தரவு. அங்கேயோ டம்ளரைத் தரையில் வைத்துத் தூக்கிக் குடிக்கச் சொல்வார்கள். குடித்தபின் அதன்மேல் தண்ணீர் ஊற்றி எடுத்துப்போவார்கள். பணக்காரர் மகனுக்கு அங்கே கிடைத்த யோக்கியதை அவ்வளவுதான்!

பிள்ளை என்ன செய்தார்? வாணியர் வீட்டிலும், கூடை முறம் பின்னுவோர் வீட்டிலும், சாயபுமார் வீட்டிலும் தண்ணீர் குடித்தார், தின்பண்டமும் தின்றார். வீட்டிலே காலில் விலங்குக் கட்டை போட்டார்கள். அவர் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே பிள்ளைகளோடு விளையாடப் போனார்!

சிரிக்கிறீர்கள். ஆனால் விலங்கு போட்டது பகைவர்களா? மகன்மேல் உயிரையே வைத்திருந்த பெற்றோர்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்கிற பயம் அன்பின் கையிலேயே விலங்கைக் கொடுத்துவிட்டது.

இந்த ஊரில் வெள்ளைக் களிமண்ணை அச்சில் வார்த்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, ஜாடியும் பொம்மையும் கோப்பையும் செய்கிறீர்கள். வார்த்தவன் என்ன சாதி என்று கோப்பை கேட்பதில்லை, குடிக்கிறவன்தான் கேட்கிறான். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2003 ஜூலையில் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறி மணந்த ஓர் ஆதிதிராவிட வாலிபரையும் அவர் மனைவியையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பெண்ணின் தகப்பனும் உடன்பிறந்தவனும் உட்படப் பலர் குற்றவாளிகள் என்று 2021இல் கடலூர்க் கோர்ட் தீர்ப்பளித்தது. 2025இல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தகப்பனும் ஒரு காலத்தில் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்திருப்பான் அல்லவா? அன்பு எங்கே போயிற்று? சாதிக்கு முன்னால் அது கைகட்டி நின்றது.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகளுக்குக் குலப்பெருமை சொல்லாதீர்கள். வீட்டுக் கதையை உள்ளபடி சொல்லுங்கள். பாட்டனுக்கு எந்த வீட்டில் தண்ணீர் மறுத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். அவன் யாருக்கு மறுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், நீங்களும் கூடச் சிரியுங்கள். தன் சாதிப் பெருமையைப் பார்த்துத் தானே சிரிக்கக் கற்ற வீட்டில், நாளை மகள் தனக்குப் பிடித்தவனை அழைத்துவந்தால் அவனுக்கு முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.