படங்காட்டும் இயந்திரத்துக்கு ஏற்ற எண்ணெய்

பழைய பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையிலே, தூசு படிந்த பெட்டிக்குள், 16 மில்லிமீற்றர்ப் படங்காட்டும் இயந்திரம் ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டெடுத்தவருக்கு மகிழ்ச்சி கரைபுரள்கிறது. கையால் திருகிப் பார்க்கிறார். இயந்திரம் அசைய மறுக்கிறது. உடனே அவர் நாடுவது யாது? அடுக்களையில் இருக்கும் தேங்காயெண்ணெய். இன்றேல் மோட்டார் வண்டிக்கு ஊற்றியது போக எஞ்சிய எண்ணெய். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்பது அவர் எண்ணம். பல்லாண்டு உறங்கிக் கிடந்தும் பழுதுபடாத இயந்திரம் அந்த ஒரு கண ஆர்வத்தாலே பழுதுபட்டுவிடக் கூடும்.

இரண்டு உலோகப் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உராயும்போது அவற்றுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுப்பதே எண்ணெயின் தொழில். எண்ணெய் மிக நீர்த்ததாயின் அப்படலம் பிதுங்கி வெளியேறும். மிகத் தடித்ததாயின் நுண்ணிய இடைவெளிகளுட் புகாது. மோட்டாரும் இழுக்க மாட்டாது திணறும். இவ்வியல்பையே பாகுநிலை என்பர்.

படங்காட்டும் இயந்திரத்திலே எல்லாப் பாகங்களும் ஒரே வேலையைச் செய்வனவல்ல. திரையிலே உருவங்கள் இடையறாது அசைவதாக நாம் காண்கிறோம். உண்மையிலோ பேசும் படத்தின் சுருள் செக்கனுக்கு 24 முறை நின்று நின்றே நகர்கிறது. 35 மில்லிமீற்றர் இயந்திரங்களில் இந்த நிறுத்தத்தையும் நகர்வையும் நிகழ்த்துவது மால்ற்றாச் சிலுவை எனப்படும் சிறு சக்கரம். சுழலும் ஊசி ஒன்று அதன் பிளவுக்குட் புகுந்து, அதனைக் காற்பங்கு திருப்பிவிட்டு வெளியேறும். இரண்டு மணித்தியாலப் படமொன்று முடியுமுன் இது 172,800 முறை நிகழ்ந்துவிடும். ஆதலால் இப்பகுதி பொதுவாக எண்ணெய் நிறைந்த மூடிய பெட்டிக்குள் இயங்குமாறு அமைக்கப்பட்டது. தையல் இயந்திரத்துக்குரிய நீர்த்த எண்ணெய் சிறிய அச்சுகளுக்கு நன்று; ஆனால் இப்பெட்டிக்கு அது போதாது. அச்சின் வழியே கசிந்து படச்சுருளையும் நனைத்துவிடும்.

16 மில்லிமீற்றர் இயந்திரத்திலோ கொக்கி போன்ற பல் ஒன்று சுருளின் துளையைப் பற்றி இழுக்கிறது. அதனை இயக்கும் பாகத்துக்குப் பல இயந்திரங்களில் கம்பளித் துண்டு ஒன்று சிறிது சிறிதாக எண்ணெயை ஊட்டும். அத்துண்டு காய்ந்திருந்தால் வெளியே எத்தனை துளி விட்டும் பயனில்லை. நார்ப்பொருளாலோ நைலோனாலோ ஆன பற்சில்லுகளுக்குக் கிறீசே ஏற்றதெனக் கைந்நூல் கூறுமாயின் அவ்வாறே செய்தல் வேண்டும். றப்பர்ப் பட்டிகளில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் அவை ஊதி இளகிவிடும்.

இனி, தவிர்க்க வேண்டியவை எவை? தேங்காயெண்ணெய் மலைநாட்டுக் குளிரில் உறைவதை யாவரும் அறிவர். நாட்பட அது சிக்குப்பிடித்துப் புளித்துப் பித்தளையை அரிக்கும். நல்லெண்ணெய் காலப்போக்கில் பசையாக இறுகும். மோட்டார் வண்டி எண்ணெயில் அழுக்கைக் கரைத்து ஏந்திச் செல்லும் மருந்துகள் சேர்க்கப்பட்டிருக்கும். வண்டியில் அவ்வழுக்கைப் பிடிக்க வடி உண்டு. வடி இல்லாத பழைய படங்காட்டியிலோ அவ்வழுக்கு எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்து பாகங்களைத் தேய்க்கும். பற்சில்லுப் பெட்டிகளுக்கென விற்கப்படும் சில எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் வெண்கலத் தாங்கிகளைத் தாக்கக் கூடும். எனவே இத்தகைய மருந்துகள் கலவாத தூய கனிய எண்ணெயே பெரும்பாலும் பாதுகாப்பானது.

எந்த அளவு தடிப்புடைய எண்ணெய் என்பதை இயந்திரத்தோடு வந்த கைந்நூலே சொல்லும். அதிலே குறிப்பிட்ட எண்ணெய் இன்று கடையில் இல்லாவிடின் அதன் பாகுநிலையை அறிந்து நிகரானதைத் தேடலாம். இங்கே ஒரு பொறி உண்டு. எஸ். ஏ. ஈ. 30 என்பதும் ஐ. எஸ். ஓ. 32 என்பதும் ஏறத்தாழ ஒன்றென மயங்குவோர் பலர். எஸ். ஏ. ஈ. 30 எண்ணெய்க்கு ஏறக்குறைய நிகரானது ஐ. எஸ். ஓ. 100 ஆகும். 40 பாகை செல்சியசு வெப்பநிலையிலே ஒன்று மற்றதைவிட மும்மடங்கு தடித்தது. பெயரை நோக்காது எண்ணை மட்டும் நோக்குபவர் ஏமாறுவர்.

எண்ணெயைத் தேர்ந்த பின்னரும் அவசரம் ஆகாது. இறுகிய பழைய எண்ணெயைத் துடைத்து அகற்றாது புதியதை அதன்மேல் விடுதல் பயனற்றது. முதலில் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்; மின்சாரம் பின்னர் வரட்டும். துளையொன்றுக்கு ஒன்றிரண்டு துளியே போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்தும். சுருள் இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, வழிந்ததைத் துடைத்த பின்னரே படத்தை ஏற்றல் வேண்டும். எண்ணெய் பட்ட சுருளிலே தூசு ஒட்டும், காட்சி மங்கும், ஒலியும் கெடும்.

இயந்திரம் பழுதானால் அதற்கு மாற்றுப் பாகம் கிடைப்பது இன்று அரிது. அதைவிட அரிது அதில் ஓடும் படம். இலங்கையில் 1948ஆம் ஆண்டு தோன்றிய அரசாங்கத் திரைப்படப் பிரிவின் ஆரம்பகால விவரணப் படங்கள் யாவும் படச்சுருளிலே பிறந்தவையே. ஊர்த் திருவிழாவையோ பாடசாலை விளையாட்டுப் போட்டியையோ யாரோ ஒருவர் பிடித்து வைத்த சுருளுக்கு இரண்டாம் பிரதி இல்லாமலும் இருக்கலாம். இறுகிப்போன இயந்திரம் அத்தகைய சுருளின் துளைகளைக் கிழித்துவிடுமாயின், மறைந்த மனிதர் நடமாடிய அந்தச் சில நிமிடங்களை மீட்டுத் தர எந்த எண்ணெயாலும் இயலாது.