வாராத பிள்ளைகள்
(விருதுநகரில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கு வாராத பிள்ளையை மடியன் என்று வைதல் எம்போன்ற ஆசிரியர்க்கு எளிது. பதிவேட்டில் ஒரு குறியிட்டாற் கடமை முடிந்தது. இருபதாண்டாக யாமும் அங்ஙனமே செய்து வந்தோம்.

இவ்வூர்ப் பெரியோர் வீடுதோறும் பிடியரிசி திரட்டி விற்று, அப்பொருளாற் பள்ளி வளர்த்தனர். 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலையே சான்று. அங்குப் பயின்ற காமராஜரோ இளமையிலேயே தந்தையை இழந்தவர். ஆறாம் வகுப்போடு நின்று மாமன் துணிக்கடைக்குச் சென்றார். பள்ளி இருந்தும் பிள்ளை வாராமை ஏன் என்பதைத் தம் வாழ்விலே கண்டவரன்றோ, முதலமைச்சராகி 1956-இல் மதிய உணவு அளித்தார்!

யாம் பணிபுரியும் சிவகாசிப் பக்கத்துக் கதை வேறு. முன்னாளில் தீப்பெட்டி ஆலைப் பேருந்துகள் பொழுது புலருமுன்னே சிற்றூர்ச் சிறாரை ஏற்றிச் சென்றன. 1986-இல் சட்டம் வந்தது. 1996-இல், சிறுவரை வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளையொன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்துக என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அவ்வண்டியில் தாய் ஏறுகிறாள். பிள்ளை வீட்டில் நிற்கிறது. தீபாவளிக்கு முந்திய திங்கள்களில் எம் பதிவேட்டைப் புரட்டினால், வெடித்தொழிலின் நாட்குறிப்பை வாசிப்பது போலவே இருக்கும்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தி அடிக்கடி வாராதிருந்தாள். கடிந்தோம்; பெற்றோரை அழைத்தோம்; எவரும் வந்திலர். ஒருநாட் காலை யாமே அவள் வீட்டுக்குச் சென்றோம். தாய் ஏழு மணிக்கே வண்டியேறிவிட்டாள். இரண்டு வயதுத் தம்பி அக்காளின் இடுப்பில். அவ்வூர் அங்கன்வாடி திறக்க ஒன்பதரை ஆகும். அவனை அங்கே விட்டு ஓடிவந்தாற் பள்ளி வாயில் அடைத்திருக்கும். தாமதித்தோரை வெயிலில் நிறுத்துவது எம் பள்ளி வழக்கம். அவ்வழக்கத்தை வற்புறுத்தியவருள் யாமும் ஒருவர். வெயிலில் நிற்பதினும் வீட்டில் நிற்பது மேல் எனக் கருதினாள் அச்சிறுமி. கருதியது பிழையோ?

இவ்வவையில் ஆலை நடத்துவோர் பலர் உளீர். பெண்கள் மிகுதியாக வேலை செய்யுமிடத்திற் குழந்தை காக்கும் அறை வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. மருந்து புழங்கும் இடத்திற்குக் குழந்தையைக் கொண்டுவரலாமா என்பீர். வேண்டா. வண்டி நிற்கும் ஊரிலே ஓர் அறையும், ஏழு மணிக்கு முன் அதைத் திறக்க ஓர் ஆயாவும் போதும். அன்று பிடியரிசி கொடுத்த வீடுகளில் இன்று இதற்குப் பொருளில்லை என்று எவரும் சொல்லார்.

எம் பள்ளி வாயில் இப்போது பத்து மணிவரை திறந்திருக்கிறது. அச்சிறுமி சில நாள் தம்பியோடே வருகிறாள். யாம் செய்யுள் நடத்துகையில் அவன் சுண்ணக்கட்டியைத் தின்னப் பார்க்கிறான்.