பூட்டிய கோயிலும் புதுவை மேற்றிராணியாரும்

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டுக் கத்தோலிக்கர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், புதுச்சேரி மேற்றிராணியார் கிளெமென்ட் பொன்னாந்தின் ஆளுகையில் இருந்தனர். அதே மண்ணை மயிலாப்பூர் மறைமாவட்டமும் தனதென்று உரிமை கொண்டாடியது. கீழைநாடுகளில் ஆயர்களை முன்மொழியவும் கோயில்களைப் புரக்கவும் போர்ச்சுகல் மன்னருக்குத் திருத்தந்தையர் அளித்திருந்த உரிமை ‘பதுரவாதோ’ எனப்பட்டது. போர்ச்சுகலின் வலு குன்றிய காலத்தில், 1622இல் உரோமையில் நிறுவப்பட்ட விசுவாசப் பரப்புதல் பேராயம், திருத்தந்தையின் பெயரால் ஆளும் ‘அப்போஸ்தலிக்க விகாரியர்’களைத் தானே அனுப்பத் தொடங்கியது; பொன்னாந்தும் அவர்களுள் ஒருவரே. 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் ஆசனங்களின் அதிகாரத்தை அகற்றியபோது, லிஸ்பனின் ஒப்புதல் பெறாத ஆணை செல்லாது என்று, போர்ச்சுகல் ஆண்ட கோவாவின் பேராயரைச் சார்ந்த குருக்கள் பணிய மறுத்தனர்.

அவையோர் கருத வேண்டிய முடிச்சு இங்கேதான் விழுந்தது. உரோமையின் ஆணை ஒரு குருவின் ஞானாதிகாரத்தை, அதாவது திருவருட்சாதனங்களை நிறைவேற்றும் உரிமையை, நீக்கலாமே தவிர, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்ட ஊரில் கோயிலின் சாவியையும் காணியையும் தானாகக் கைமாற்றிவிடாது. 1846 வரை மதுரை மிஷனும் பொன்னாந்தின் பொறுப்பில் இருந்தது. அங்கே திருச்சிராப்பள்ளியின் பழைய கோயில் கோவா தரப்பின் கைவசமே நீடித்ததால், இயேசு சபையார் 1839இல் மேலப்புதூரில் மரியன்னைக்கு வேறு கோயில் எழுப்பத் தொடங்கினர். ஊர் ஒன்று, வேதம் ஒன்று, கோயில் இரண்டு; ஒரு தரப்புக் குரு செய்துவைத்த கலியாணத்தை மறுதரப்பு ஐயுற்றது.

கோவா குருக்கள் பெரும்பாலும் இந்நாட்டில் பிறந்தவர்கள். அவர்களைப் பிரிவினையாளர் என்று சாடிய மிஷனரிகளோ ஐரோப்பியர். இந்த முரண், உரோமை, லிஸ்பன் ஆணைகளின் வாசகத்தைவிடக் கூர்மையானது. பொன்னாந்து 1844இல் புதுச்சேரியில் கூட்டிய மாமன்றம், உள்நாட்டுக் குருக்களைப் பயிற்றுவிப்பதையும் பள்ளிகளைப் பெருக்குவதையும் தலையாய கடமையாக்கியது. அடுத்த ஆண்டு உரோமை அனுப்பிய அறிவுறுத்தல், உள்நாட்டாரை ஆயர் பதவிவரை உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்தியதில் அம்மாமன்றத்தின் பங்கு பெரிது. அம்மாமன்றத்தைக் கூட்டியதே அவர் செய்த துணிந்த காரியம். ஆயினும் ஆயர் பதவி தமிழர் கைக்கு வர அவருக்குப் பின் நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

பதுரவாதோ குறித்து உரோமையும் போர்ச்சுகலும் 1857இல் உடன்படிக்கை செய்த பின், இந்தியா முழுவதிலும் மிஷன்களைப் பார்வையிடும் பொறுப்பேற்றுப் புறப்பட்ட பொன்னாந்து, 1861இல் காசியில் காலமானார். 1886இல் இன்னோர் உடன்படிக்கை மயிலாப்பூர் ஆசனத்தை மீட்டளித்ததால், வேளாங்கண்ணி உள்ளிட்ட தஞ்சைப் பகுதி, தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்ட 1952 வரை, நெடுந்தொலைவிலிருந்த மயிலாப்பூரின்கீழேயே இருந்தது.