கேட்டு எழுதிய வழமை

(யாழ்ப்பாணத்தில் ஆற்றப்பட்ட உரை)



பல இனத்தவர் வாழும் ஒரு நாட்டின் பண்பாட்டை உருவாக்குவன எவை என்று பேசும்படி என்னைப் பணித்துள்ளீர்கள். விடை தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. யன்னலைத் திறந்து, கதிரையில் அமர்ந்து, பாண் உண்கின்றோம். இம்மூன்று சொற்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. நாம் அலுவலாகச் செல்லும் கந்தோர் ஒல்லாந்தரின் சொல். நம் முன்னோர் செம்பாட்டு மண்ணிலே துலா மிதித்து நீரிறைத்து வளர்த்த புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள். இவற்றால் நமது தமிழ் குன்றியதா? இல்லை, அவற்றை நமதாக்கிக் கொண்டோம். அவ்வாறே சிங்கள மக்கள் வழிபடும் பத்தினித் தெய்வம் நமது கண்ணகியே. எவரும் சட்டம் இயற்றி அவளை அவர்களிடம் அனுப்பவில்லை.

விரும்பி ஏற்றது வேரூன்றும். வலிந்து திணித்தது பகையை விளைக்கும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தனர். அவர்களுடைய சொற்கள் இன்றும் நம் நாவில் உள்ளன. அவர்கள் இடித்த கோயிலோ மீண்டும் எழுந்து நிற்கின்றது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றை நினைவூட்டுகின்றேன். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் நமது தேசவழமையைத் தொகுத்தார். 1707இல் அது சட்டமாகுமுன், தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது. ஒரு மக்களின் வழமையை அம்மக்களைக் கேட்டே எழுதவேண்டும் என்பது, வாணிபம் செய்யவந்த அந்நியக் கம்பெனிக்கே தெரிந்திருந்தது! ஆனால் 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 33ஆம் இலக்கச் சட்டம், நமது பிரதிநிதிகளின் எதிர்ப்பை மீறி நிறைவேறிற்று. தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்ல 1987 வரை 31 ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே, 1981இல், நமது பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து சாம்பலாயிற்று.

ஆயினும், பிறர் குற்றத்தை மட்டும் உரைத்து அமர்வது நீதியாகாது. அதே தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதி வகுத்தது. முதலியார்களைக் கேட்டார்கள், அடிமைகளைக் கேட்டவர் யார்? 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்து நின்றவர்கள் தமிழர்களே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்து, நம் மொழியையே பேசிய அம்மக்களுக்காக நம்மில் எத்தனை பேர் குரல் எழுப்பினோம்?

ஆகவே, அரசின் சட்டமாயினும், ஊர்ச் சங்கத்தின் விதியாயினும், கோயில் வழமையாயினும், அது எவரைக் கட்டுப்படுத்துமோ அவரைக் கேட்டே இயற்றப்படல் வேண்டும். கொழும்பிடம் நாம் கோரும் இந்த நீதியை முதலில் நமது ஊர்களிலே நிலைநாட்டுவோம். அப்பொழுது நமது கோரிக்கையை மறுத்துரைக்க எவராலும் இயலாது.