சிறிய வண்டியும் பெரிய மூச்சும்

கொல்லன் உலைக்களத்தின் முன் நின்று வேடிக்கை பார்த்த இளமை நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். கரி அதே கரிதான்; அடுப்பும் கையகல அடுப்புதான். ஆனால் துருத்தியை அழுத்தியதும் மங்கிக் கிடந்த கனல் சீறி எழும். இரும்பு வெளுத்துப் பழுக்கும். அடுப்பைப் பெரிதாக்காமல் அனலைப் பெரிதாக்கும் அந்த வித்தையே இன்று நம் சிறிய கார்கள் சிலவற்றின் எஞ்சினுக்குள் குடிபுகுந்திருக்கிறது. டர்போ என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு வேறுபாடு. கொல்லன் உலையில் துருத்தியை அழுத்த ஒரு சிறுவன் வேண்டும். இங்கே உலையின் புகையே துருத்தியை இயக்கிக்கொள்கிறது.

எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சுடுபுகை, போகிற வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். எரிவது மிகுந்தால் ஆற்றலும் மிகும். ஆல்பிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் 1905-ல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் ரயில் எஞ்சின்களிலும் விமானங்களிலும் உழைத்த பிறகு, 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே ஆகிய பெயர்களில் விற்ற இரு கார்களின் வழியாக அது சாலைக்கு வந்தது.

நம் நாட்டில் அது சிறிய பெட்ரோல் காருக்குள் புகுந்ததற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கும் உட்பட்ட பெட்ரோல் காருக்கு 2006-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய வண்டிக்குச் சரக்கு, சேவை வரி 18 விழுக்காடாக இருக்கிறது. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறும். மூச்சைப் பெரிதாக்கினால் ஏறாது. பொறியாளர்கள் எந்த வழியைத் தேர்ந்திருப்பார்கள் என்று சொல்லவேண்டுவதில்லை. 2013-ல் போக்ஸ்வாகன் நிறுவனம் புணேயை அடுத்த சாக்கனில் செய்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் எஞ்சினில் 105 குதிரைத்திறன் தந்தது. 2018-ல் டாடா நிறுவனம் கோயம்புத்தூரின் ஜெயம் நிறுவனத்தோடு கூடி டியாகோ ஜேடிபி என்ற சிறு முரட்டுக் குட்டியை வெளியிட்டது. இரண்டாண்டு அளவில் அது நின்றுபோயிற்று. 2021-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஹூண்டாயின் ஐ20 என் லைன், 1 லிட்டர் எஞ்சினில் 120 குதிரைத்திறனோடு வந்தது. சோழவரத்து விமான ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் நடத்திய நாட்டிலிருந்து இத்தகைய வண்டிகள் வருவதில் வியப்பொன்றுமில்லை.

நாங்கள் இருவரும் புணே நகரில் பதினேழு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறோம். எங்கள் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பெயரைச் சொன்னால் இது பேச்சாக இராமல் விளம்பரமாகிவிடும், ஆதலின் சொல்லப்போவதில்லை. மூன்று சிலிண்டர், கையால் மாற்றும் கியர், சற்றே விறைப்பான வில், அகலமான டயர், புகைக்குழாயில் ஓர் உறுமல் என்று தெரிந்துகொண்டால் போதும். நாற்பதைக் கடந்த இருவருக்கு இது தேவைதானா என்று உறவினர் கேட்டனர். அதற்கு நேரான விடை எங்களிடம் அன்றும் இல்லை. ஓட்டிப் பார்த்தோம், பிடித்தது, வாங்கினோம்.

நாள்தோறும் ஓட்டுவது என்பது வேறு கதை. கோத்ருடிலிருந்து ஹிஞ்சவடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலை நெரிசலில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இந்நெரிசலில் 120 குதிரையும் ஒன்றுதான், ஒற்றைக் கழுதையும் ஒன்றுதான். இன்னும் சொன்னால், கழுதையே மேல். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே ஓடும்போது புகையின் வேகம் போதாமல் துருத்தி உறங்கிக் கிடக்கும். அப்போது மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நிகழாது. மறுநொடி தேவைக்கு மேல் நிகழும். முன்னால் போகும் ஆட்டோவின் பின்புறம் திடீரென்று நெருங்கிவரும் அக்காட்சி முதல் மாதத்தில் எங்களுக்கு அடிக்கடி கிட்டியது. மிதிக்குமுன் கியரைக் குறைத்து, துருத்தியை எழுப்பிவிட்டு, அதன் பிறகு கேட்க வேண்டும் என்பதைக் கால் கற்றுக்கொள்ள ஆறு வாரம் பிடித்தது.

பெட்ரோல் கணக்கும் நேர்மையாகச் சொல்லவேண்டியது. மூச்சு பெரிதானால் பசியும் பெரிது. நகரத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 18. ஒரே வண்டி, ஒரே சாலை, எங்களுள் ஒருவர் ஓட்டும்போது 18-ம் மற்றவர் ஓட்டும்போது 14-ம் காட்டுவது இல்லறத்தில் பலமுறை விவாதிக்கப்பட்ட செய்தி. இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு ஆதலால், கலவையிலும் ஆறேழு விழுக்காடு குறையத்தான் செய்யும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். துருத்தியின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. பக்கத்திலேயே புகை 900 பாகை வரை கொதிக்கிறது. பழைய வண்டியில் எண்ணெய் மாற்றுவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் வண்டி முணுமுணுக்கும், அவ்வளவுதான், இது பொறுக்காது. குறித்த தரத்து எண்ணெயைக் குறித்த நாளில் மாற்றிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பியவுடன் விரட்டலாகாது. மலை ஏறி வந்த கையோடு சாவியைத் திருப்பி அணைக்கவும் கூடாது. வீட்டுத் தெருவின் கடைசி ஒரு கிலோமீட்டரை மெல்ல ஓட்டினாலே சூடு தணிந்துவிடும்.

டயரின் பக்கச்சுவர் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சற்று மிகுதி. புணேயின் ஆவணி மாதத்துச் சாலைக்குழி எத்தனை சென்டிமீட்டர் என்பதை நாங்கள் அளந்ததில்லை. எங்கள் வண்டி ஒருமுறை அளந்தது. நீர் நிறைந்த குழியில் இறங்கி ஏறியதில் ஒரு டயரின் பக்கம் கொழுக்கட்டைபோலப் புடைத்தது. சக்கரத்தின் விளிம்பும் வளைந்தது. அன்று தொட்டு மழைக்காலத்தில் எங்கள் வேகத்தை விதிப்பது எஞ்சின் அன்று, குழியே. ஊரிலிருந்து வந்த அம்மையார் பின் இருக்கையில் சுவார்கேட் வரை வந்து இறங்கியபோது சொன்னதும் இங்கே குறிக்கத்தக்கது: “நம்மூர்க் கட்டைவண்டியிலேகூட இடுப்பு இப்படி நொந்ததில்லையேப்பா. இதுக்கா இவ்வளவு பணம் கொடுத்தீங்க?” அடுத்த முறை அவர் ஓலா வண்டியில்தான் ஏறினார்.

எனினும் வாயியிலிருந்து பஞ்ச்கனி வழியாக மகாபலேசுவரம் ஏறும் கணவாய்ச் சாலையில் ஒரு ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தால், இக்குறைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியாது. மகாபலேசுவரம் 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம்; காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. மற்றை எஞ்சின்கள் அங்கே மூச்சுத் திணறும். துருத்தி உள்ள எஞ்சினோ மெலிந்த காற்றையும் நெருக்கி நிரப்பிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் ஏறும். இரண்டாம் கியரில் வளைவை முடித்து, சக்கரத்தை நேராக்கி, மெல்ல மிதிக்க, முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவதுபோல் ஓர் உணர்ச்சி. அதன் சுகத்தை மறைக்கப்போவதில்லை.

அச்சுகமே எங்களை ஒரு நாள் சோதித்தது. 2023-ம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பது மணிக்குக் கரூரிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவருக்கு, அதாவது எங்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார், நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். பண்டிகைக் காலம், விமானத்தில் இடமில்லை, ரயிலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பத்து மணிக்குப் புறப்பட்டோம். சாத்தாரா, கோல்ஹாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம் வழியாக ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இத்தொலைவு வெறும் எண் அன்று என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

கம்பட்கி கணவாயை வண்டி ஏறிய விதத்தில் ஒரு மமதை பிறந்தது. வாங்கியபோது விடை கிடைக்காத அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணினோம். இத்தகைய இரவுக்காகவே இந்த வண்டி என்று தோன்றியது. சாத்தாராவுக்குப் பிறகு வேகமானியின் முள் 120-ஐத் தாண்டி நின்றது. எங்களுள் எவரும் அதைக் குறித்துப் பேசவில்லை. கராடு நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றிருப்போம். இடப்புறத் தடத்தில் இருள் மட்டுமே இருந்தது. அவ்விருள் திடீரென்று கரும்பாக மாறியது. இரண்டு இழுவைப் பெட்டிகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்; பின்னால் விளக்கு இல்லை. ஆலைகள் அரவை தொடங்கும் பருவத்தில் மேற்கு மகாராஷ்டிரச் சாலைகளில் இது நாளும் காணும் காட்சிதான். பிரேக்கை முழுதும் மிதித்தோம். வலப்புறம் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது; விலக வழியில்லை. வண்டி நின்றபோது கரும்புச் சோகை முன்விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடியைத் தொடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. டிராக்டர்க்காரர் எதையும் அறியாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

துருத்தி எஞ்சினுக்குத்தான் உண்டு, பிரேக்குக்கு இல்லை. 80-ல் போகும் வண்டி நிற்க வேண்டும் தொலைவைப்போல் 120-ல் போகும் வண்டிக்கு இரண்டேகால் மடங்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். அடுத்து வந்த தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கே உட்கார்ந்து இன்னொரு கணக்கும் போட்டோம். கராடு வரை 160 கிலோமீட்டர். வழக்கமாக நாங்கள் போகும் சராசரி வேகத்தில் இரண்டு மணி நேரம். அன்று துரத்திப் பிடித்ததில் மிச்சமானது 13 நிமிடம். கை நடுக்கம் நிற்கும்வரை அக்கடையில் இருந்தது அரை மணி நேரம்.

அங்கிருந்து கரூர் வரை 90-ஐத் தாண்டவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை ஓட்டுபவர் மாறினோம். தாவணகெரேயில் விடிந்தது. எரிச்சலூட்டும் லாரி ஒன்றைக் கடக்க வேண்டியபோது கியரைக் குறைத்துத் துருத்தியை எழுப்பினோம். சில நொடியில் கடந்து, மீண்டும் வலியை அடக்கிக்கொண்டோம். இந்த ஆற்றல் உண்மையில் பயன்பட்டது அந்தச் சில நொடிகளில்தான்: எதிரே வருபவனுக்கும் நமக்கும் இடையே ஐயத்துக்கு இடம் வையாமல் காரியத்தை முடித்துக்கொள்ளும் அளவுக்கு. நாள்தோறும் வேலைக்குப் போகும்போதும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் ஒரு முறை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் அது பெட்டியில் பூட்டிய நகை.

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனையை அடைந்தோம். பெரியவருக்கு அடைப்பு நீக்கிக் குழாய்வலை பொருத்தியிருந்தார்கள். கண் விழித்தவர், “எத்தனை மணிக்குப் புறப்பட்டீங்க?” என்று கேட்டு, விரல்விட்டு எண்ணி, “பரவாயில்லை, நிதானமாத்தான் வந்திருக்கீங்க” என்றார். கராடு நிகழ்ச்சியை அவருக்கு நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை.

நான்காம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனோம். மகாராஷ்டிர எண் கொண்ட வண்டியைத் தெருப்பிள்ளைகள் சுற்றி வந்து, புகைக்குழாயைக் குனிந்து பார்த்து, ஒருமுறை உறுமச் செய்யுமாறு வேண்டினர். மறுநாள் பார்க்கலாம் என்றோம். முன் இருக்கையை முழுதும் பின்னுக்குத் தள்ளி, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்து, அவரை உட்கார வைத்தோம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே ஏழு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரமாக ஏற்றி, ஒரு சக்கரமாக இறக்கினோம். பின் இருக்கையிலிருந்த அம்மையார் இம்முறை இடுப்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. வீட்டு வாசலில் எஞ்சினை அணைப்பதற்கு முன், பழக்கத்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டோம்.