எட்டு ரூபாயும் நம் பஞ்சப்படியும்

(கிங்ஸ் சர்க்கிளில் நடைபெற்ற மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பென்ஷன்தாரர்களின் பிரச்சினைகளைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி சொன்னார். பென்ஷனில் ஆரம்பித்து வேறொரு இடத்தில் முடிப்பேன். க்ஷமிக்க வேண்டும்.

நான் மத்திய சர்க்காரில் 36 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து நம் பஞ்சப்படியைக் கூட்டுகிறார்கள். 2017 ஜூலையில் அது 5 சதவிகிதம். 2025 ஜூலையில் 58. நடுவில் கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷம் நிறுத்தி வைத்தபோது நாம் போட்ட கூக்குரல் பலருக்கும் ஞாபகம் இருக்கும். போட்டதில் தப்பில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி தாராவியில் இருக்கிறாள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவளுடைய மூன்று வயதுப் பெண்ணை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வர நான் போக நேர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை. இருபது குழந்தைகள், ஒரு எடை பார்க்கும் தராசு, தட்டில் கிச்சடி. பருப்பு கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்த மராத்தியில் காரணம் கேட்டேன். "ஆஜோபா, மகளிர் குழு சமைத்துக் கொடுப்பது இதுதான். பருப்பு விலையைக் கடைக்காரரிடம் கேளுங்கள்" என்றாள் அங்கே இருந்த தாயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விவரம் தேடினேன். 1975 அக்டோபர் 2 அன்று தேசம் முழுவதிலும் 33 இடங்களில் இந்தக் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று நம் தாராவி. வருஷத்தில் 300 நாள் ஆகாரம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். 2025 பட்ஜெட் வரை அது அசையவில்லை. மாதுங்காவில் 8 ரூபாய்க்கு அரை டம்ளர் காபி கூட வராது.

நம் பஞ்சப்படிக் கணக்கையே அந்த 8 ரூபாய்க்கும் போட்டுப் பார்த்தேன். 105 என்பது 158 ஆனால் 8 என்பது 12 ஆகிறது. பி.எஸ்ஸி. பட்டம் வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். விலைவாசி நமக்கு மட்டுமா ஏறியது?

2025 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இந்தத் தொகை தக்கபடி உயர்த்தப்படும் என்றார். எண் சொல்லவில்லை. எண் இல்லாத வாக்கியம் ஃபைலில் எத்தனை நாள் தூங்கும் என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். நானே சிலவற்றைத் தூங்க விட்டிருக்கிறேன்.

தாயிகளின் கதையும் இதேதான். அவர்களுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆயிற்று. மேலே மாநிலம் சேர்க்கிறது. கிராஜுவிட்டி உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தும், அதையும் கேட்டு 2023 டிசம்பர் முதல் சுமார் ஐம்பது நாள் மஹாராஷ்டிரத்தில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

"நாம்தான் அன்னதானம் செய்கிறோமே" என்று ஒரு நண்பர் கேட்டார். இதே கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. கணபதி உற்சவத்தில் நடக்கும் அன்னதானத்தைப் பார்த்து நானும் கைகூப்பியிருக்கிறேன். அது ஐந்து நாள். பாக்கி 295 நாளுக்கு யார் பொறுப்பு? வரி வாங்குகிறவர்கள்தானே.

ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒன்றே. எங்கள் பஞ்சப்படியைப் போல அந்தக் குழந்தையின் சாப்பாட்டுத் தொகையையும் குறியீட்டெண்ணோடு கட்டுங்கள். வருஷாவருஷம் யாரும் கெஞ்ச வேண்டியிராது. ஆகாரச் செலவில் மத்திய அரசுக்குப் பாதி, மஹாராஷ்டிரத்துக்குப் பாதி. அதனால் எம்.பி.க்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று என்று இரண்டு கடிதம். எம்.எல்.ஏ.வுக்குப் போவது மராத்தியில் இருக்கட்டும். என் மாட்டுப்பெண் எழுதித் தந்திருக்கிறாள், நான் எழுதினால் யாருக்கும் புரியாது.

சென்னை, பெங்களூர் போன்ற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களும் தங்கள் மாநிலத்தின் பெயரைப் போட்டு அனுப்பலாம். அங்கேயும் பங்கு பாதிப் பாதிதான். இங்கே வந்திருப்பவர்களுக்கு நகல்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. காபி சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.